என் முறை வந்தபோது

வட இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் ஒரு பப்பின் மாடி அறை. வட்டமாக இருபது நாற்காலிகள். மேடை இல்லை, மைக் இல்லை. ஓய்வு பெற்ற தபால்காரர், ஒரு நர்ஸ், ஒரு பள்ளி ஆசிரியை, இப்படிப் பலதரப்பட்டவர்கள், பெரும்பாலும் நரைத்த தலைகள். கையில் பீர் கோப்பை. ஒருவர் பாடி முடித்ததும் பக்கத்து நாற்காலிக்காரரின் முறை. விருப்பமில்லையென்றால் தலையை அசைத்துவிடலாம்.

நண்பர் அழைத்துப் போன நாட்டுப்பாடல் கிளப் அது. முதலில் பாடிய முதியவர் பாதியில் வரி மறந்து நின்றார். மூலையிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பல்லவி வந்ததும் அறையே சேர்ந்து பாடியது. சபாக் கச்சேரிகளில் பழகிய என் காது முதல் அரை மணி நேரம் சுருதி பிசகுகளை எண்ணிக்கொண்டிருந்தது. அங்கே வேறு யாரும் எண்ணவில்லை என்று தெரிந்ததும் நானும் நிறுத்திக்கொண்டேன்.

இந்தப் பாட்டுகளுக்கு ஒரு கதை உண்டு. 1903இல் சாமர்செட் பகுதியில் ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் பாடியதைக் கேட்ட செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர், ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். அவர் அவற்றுக்குப் பியானோ பின்னணி சேர்த்தார். பாட்டுகள் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. அரை நூற்றாண்டு கழித்து, 1950களில், ஈவன் மக்கால் போன்றவர்கள் அவற்றை மறுபடி பப்புக்குக் கொண்டு வந்தார்கள். அரசாங்கம்கூடக் குறுக்கே நின்றதுண்டு. பப்பில் இரண்டு பேருக்கு மேல் பாடி நிகழ்ச்சி நடத்தத் தனி லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 2005 வரை இருந்தது.

மக்காலும் பெகி சீகரும் லண்டனில் நடத்திய கிளப்பில் இன்னொரு கறாரான விதி: அவரவர் தம் மொழி, தம் மண்ணின் பாட்டைத்தான் பாட வேண்டும். லண்டன்காரர் அமெரிக்கத் தெற்கத்திக் குரலில் பாடக்கூடாது. பலருக்கு இது எரிச்சலூட்டியது. விதி போட்ட மக்காலே இங்கிலாந்தின் சால்ஃபர்டில் ஜேம்ஸ் மில்லராகப் பிறந்து, ஸ்காட்லாந்துப் பெயர் சூட்டிக்கொண்டவர்தானே!

நான் போன கிளப்பில் அந்த விதியெல்லாம் இல்லை. ஆனால் என் முறை நெருங்க நெருங்க அதுதான் உறுத்தியது. என் மண்ணின் பாட்டு எது? எனக்குப் பாடமாகியிருந்த கீர்த்தனைகள் பெரும்பாலும் தெலுங்கு. மற்றவை சினிமா. சிறு வயதில் ஊரில் நடவுப் பாட்டு கேட்டிருக்கிறேன், வரப்பில் நின்றபடி. நட்ட பெண்களோடு சேர்ந்து பாடியதில்லை. 'நமக்கெதற்கு அதெல்லாம்' என்பார்கள் வீட்டில். எங்களுக்குப் பாட்டு வாத்தியார் வந்துகொண்டிருந்தார். அந்தப் பாட்டை என்னுடையது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

கடைசியில் அம்மாவின் தாலாட்டு நினைவுக்கு வந்தது. பாடினேன். ஒன்றரைக் கண்ணியில் நின்றுவிட்டது. இந்த முறை எடுத்துக் கொடுக்க அந்த அறையில் யாருமில்லை. ஆனால் 'ஆராரோ' என்ற இடம் மட்டும் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. தபால்காரர் அதைத் தொடங்க, மொழி தெரியாத இருபது பேர் பீர் கோப்பையோடு தாலாட்டினார்கள். மீதியைக் கேட்டார் நர்ஸ். மறந்துவிட்டது என்றேன். "யாருக்காவது தெரியுமா?" என்று விடாமல் கேட்டார்.

தில்லியில் எங்கள் குடியிருப்பில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள். விழா என்றால் சென்னையிலிருந்து பாடகரை வரவழைக்கிறோம். ஒருவரை ஒருவர் பாடச் சொன்னதில்லை.

மறுநாள் ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் மீதி வரிகளைக் கேட்டேன்.

"யாருக்குக் குழந்தை பிறந்திருக்கு?" என்றாள்.