அலட்டஞ்சலும் கண்டுங்காணானும்

இந்தக் கிழமை எபிசோடில ஸ்பாம் வடிகட்டிகளைப் பற்றிக் கதைச்சம். பத்துத் தரமாவது 'ஸ்பாம்' எண்டு சொல்லியிருப்பன். ரொக்ஸ்பரோவில எங்கட வீட்டுக்குள்ள நான் அப்பிடிச் சொல்லுறேல்லை. அங்க அதுக்குப் பேர் அலட்டஞ்சல். அலட்டலும் அஞ்சலும் சேர்ந்தது. பெரியப்பா விடிய ஐஞ்சு மணிக்குக் குடும்பக் குழுவில போடுற பூப்படம், பின்னால வாற இருபது வரி வெந்தய வைத்தியம், எல்லாம் அலட்டஞ்சல். தம்பி பகிடிக்குச் சொன்னது, நிண்டுட்டுது.

கண்டுங்காணான் எண்டா நீல நிறத்தில ரெண்டு சரி விழுந்த பிறகும் பதில் போடாத ஆள். ஒருவீதம்: எந்த நேரமும் சார்ஜ் இல்லாத போனோட திரியிறவன். கதைகெடுத்தான்: படத்தின்ர முடிவை முதலே சொல்லுறவன்.

அம்மாவுக்கு இதுகள் பிடிக்காது. "தமிழைக் கொலை செய்யாதேங்கோ" எண்டுவா. எனக்குத் தெரிஞ்ச கன மச்சான், மச்சாள்மார் இந்த ஒரு வசனத்தாலதான் தமிழில கதைக்கிறதையே விட்டவை. பிரெஞ்சில கதைச்சால் வீட்டில ஒருத்தரும் திருத்தமாட்டினம்.

ஆனா அந்தப் பிரெஞ்சு என்ன செய்யுது எண்டு பாருங்கோ. 1977 இல் வந்த சட்டம் 101 ஆல பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு மின்னஞ்சல் எண்டா 'கூரியேல்'. அந்தச் சொல்லை 2003 இல் பிரான்ஸ் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இங்க சொல்லுகளைப் பார்க்க எண்டே கியூபெக் பிரெஞ்சு மொழி அலுவலகம் இருக்கு. ஸ்பாமுக்கு அவை சொல்லுற சொல் 'பூரியேல்': குப்பைவாளியான 'பூபெல்'லையும் கூரியேலையும் ஒட்டினது. சாப்பிடுற பூரி இல்லை. பிரெஞ்சில அழுகினதுக்கும் 'பூரி' எண்டுதான் சொல்லுறது, அந்த மணமும் சேர்ந்தே வருது. சட் பண்ணுறது 'கிளவர்டாஜ்': விசைப்பலகையும் அரட்டையும் ஒரு சொல்லுக்குள்ள. 2004 இல் போட்காஸ்டுக்கு 'பலடோடிஃபுசியோன்' எண்டு வைச்சினம், சனம் அதை வெட்டி 'பலடோ' ஆக்கிட்டுது. எல்லாம் பகிடிதான், கந்தோர் முத்திரை குத்தின பகிடி.

எங்கட பக்கம் சிரிப்பு கொஞ்சம் குறைவு. வட்ஸ்அப்புக்கு 'கட்செவி அஞ்சல்' எண்டு ஒரு சொல் உலாவுது. கண்ணும் செவியுமாம், சரி. ஆனா பழந்தமிழில கட்செவி எண்டா பாம்பு, அது கண்ணாலயே கேட்கும் எண்ட நம்பிக்கையில வந்த பேர். அப்ப பெரியப்பா அனுப்புறது பாம்பஞ்சல்! ஆக்கினவை சிரிச்சுக்கொண்டு ஆக்கின மாதிரித் தெரியேல்லை.

இணையம், மின்னஞ்சல் எல்லாம் அருமையான சொல்லுகள், முறையாச் செய்ய ஆக்கள் வேணும்தான். ஆனா வெந்தய வைத்தியத்துக்குச் சொல் தேட எந்தக் குழுவும் கூடாது.

இதில கொலை எங்க இருக்கு? அலட்டல் எண்டா என்ன எண்டு தெரியாதவனுக்கு அலட்டஞ்சலில சிரிப்பு வராது. 'கண்டும்' 'காணான்' ரெண்டும் சேரேக்க 'ம்' போய் 'ங்' வரும் எண்டு ஒருத்தரும் தம்பிக்குப் படிப்பிக்கேல்லை. வாய் தானாச் செய்தது. பிழையே விடாமல் வாய் மூடியிருக்கிற மச்சானை விட, இந்தச் சொல்லை உண்டாக்கின தம்பியிட்டத் தமிழ் கூட இருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன்.

போன கிழமை அம்மாவின்ர மெசேஜுக்கு ரெண்டு நாளாப் பதில் போடேல்லை. மூண்டாம் நாள் அவவிட்ட இருந்து ஒரே ஒரு சொல் வந்தது, கேள்விக்குறியோட.

"கண்டுங்காணானோ?"