தடுப்பூசியோடு நின்றுவிடாதீர்கள்



கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றாலே தடுப்பூசியைப் பற்றித்தான் எழுதுகிறோம். 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு அது அவசியம் வேண்டும். முப்பதைத் தாண்டிய அவர்களுடைய அம்மாக்களுக்குப் பரிசோதனைதான் வழி. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துவிடலாம். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வின் முடிவு 2007-இல் 'லான்செட்' இதழில் வந்தது: இப்பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

கவனிக்க வேண்டியது கருப்பைவாயை மட்டுமல்ல. அதே மாவட்டத்தில், மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு உதிரம் பட்டதை 'உடம்புச் சூடு' என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கும் பெண்களை இன்றும் பார்க்கிறேன். மனம் பதறுகிறது. ஒரு சொட்டுப் பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தெரியவரும். மகளிர் குழுக் கூட்டங்களிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடங்களிலும் செவிலியர்கள் இதைக் கூச்சமின்றிப் பேச அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்