சுந்தராம்பாளும் வெள்ளைப் புடவையும்

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரின் பேச்செடுத்தால், நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெரியவர்களில் பலர் அவர் பாட்டுக்கு முன் அவர் புடவையைத்தான் சொல்லுகிறார்கள். "புருஷன் போன நாள் முதல் வெள்ளை கட்டிய உத்தமி" என்பதே அவர்கள் தரும் பட்டம். இப்பட்டத்தை நாம் ஆட்சேபிக்கிறோம்.

மேல்நாட்டில் ஆப்பரா என்று பாட்டாலேயே நடக்கும் நாடகம் உண்டு. அதில் பெண்களின் மிக உயர்ந்த குரலுக்குச் சொப்ரானோ என்று பெயர். போப் ஆண்ட ரோமாபுரியில் பெண்கள் மேடையேறக் கூடாதென்று தடுத்துவிட்டு, விதையடிக்கப்பட்ட ஆண்களைக் கொண்டு அந்தக் குரலில் பாடச் செய்தார்கள். மதம் சங்கீதத்துக்குச் செய்த தொண்டு அது! நம் நாட்டிலும் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களே வள்ளியாக வந்தார்கள். 1908-ல் பிறந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய ஏழைப் பெண்ணொருவர் அத்தகைய நாடக உலகில் நுழைந்து, ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசைக்காரன் காதிலும் விழும்படி உச்ச ஸ்தாயியில் பாடினாரென்றால், போற்ற வேண்டியது அந்தத் தொண்டையையா, புடவையையா?

எஸ்.ஜி. கிட்டப்பாவை அவர் மணந்தபோது கிட்டப்பாவுக்கு முன்னமே ஒரு மனைவி உண்டு. அதனால் அவர் பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை. பிறகு மனஸ்தாபத்தால் இருவரும் பிரிந்து வாழ்ந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா மாண்டார். அம்மையாருக்கு அப்போது வயது 25. அன்று கட்டிய வெள்ளையை 1980-ல் சாகும் வரை, 47 வருஷம், மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் விரதம் பூண்டார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷம் போட்டு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். 1951-ல் சென்னைச் சட்ட மேல்சபையிலும் அமர்ந்தார். அங்கும் வெள்ளைதான்.

"அவராக விரும்பிச் செய்தார், உமக்கென்ன?" என்று கேட்கலாம். அம்மையார் முருக பக்தர், நம் கூட்டத்தவரல்லர். அவர் விருப்பத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் சுந்தராம்பாள் முந்தி இறந்திருந்தால், கிட்டப்பா இனி ஸ்திரீபார்ட்டோடு நடிக்கக் கூடாதென்று எந்த உத்தமனாவது சொல்லியிருப்பானா? லட்ச ரூபாய் சம்பாதித்தவருக்கே இந்தக் கதியென்றால், 20 வயதில் தாலியறுத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் பெண்ணிடம் அவரை உதாரணம் காட்டுவது எவ்வளவு பெரிய அக்கிரமம்!

இத்தனைக்கும், கிட்டப்பா இறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1928 மே மாதத்தில், இதே அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தாயிற்று. 1929-ல் செங்கற்பட்டு மகாநாடு விதவா விவாகத்தை ஆதரித்துத் தீர்மானம் செய்தது. 1967-ல் நம் திருமணங்களுக்குச் சட்டமும் வந்தது. ஆயினும் சுயமரியாதைக்காரர் என்போர் சிலர் வீட்டிலேயே, தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் விதவைத் தங்கை அடுப்பங்கரையில் நிற்கிறாள்.

வருகிற வைகாசியில் நம் பக்கத்தில் மணம் நடத்தும் தோழர்கள், அந்தத் தங்கையையே மாலை எடுத்துக் கொடுக்கச் செய்து, விவரத்தை நமக்கு எழுதி அனுப்பக் கோருகிறோம். முதல் பக்கத்திலேயே பிரசுரிப்போம்.