மருந்துக்கு அடங்காத சயரோகம்: குற்றம் நோயாளியுடையதா?

"குளிசையை ஒழுங்காகப் போட்டிருந்தால் மாறியிருக்கும். அவர் போடவில்லை, இப்போது அனுபவிக்கிறார்." சயரோகம் திரும்பி வந்த ஒருவரைப் பற்றி நம்மவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். வைத்தியசாலை வரிசையிலும் கேட்கிறோம், தண்ணீர்க் குழாயடியிலும் கேட்கிறோம். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி அநியாயம் என்பது என் கருத்து.

உண்மையான பாதியை வயல் செய்தவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினமல்ல. ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்து வந்தால், ஒரு காலத்தில் அதற்குச் சாகாத புல் நெல்லோடு நெல்லாக நிமிர்ந்து நிற்கும். அந்தப் புல்லை மருந்து உண்டாக்கவில்லை. எண்ணற்ற புற்களுக்குள் எங்கோ ஒன்று பிறவியிலேயே வேறுபட்டிருந்தது. மற்றவை செத்தபின் வயல் முழுவதும் அதன் விதைக்கு இடமாகிவிட்டது.

சயரோகக் கிருமியும் அப்படியே. அது இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் தன் பரம்பரையலகுகளைப் பிரதி எடுக்கிறது. அந்தப் பிரதியில் எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை விழும். இதனை விகாரம் என்பர். ஐசோனியசிட் என்னும் குளிசை தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. கிருமிக்குள் இருக்கும் ஒரு நொதியம் அதை மாற்றிய பின்னரே நஞ்சாகிறது. அந்த நொதியத்துக்குரிய பரம்பரையலகில் ஓர் எழுத்து மாறினால் போதும், குளிசை பலனற்றுப் போகலாம். றிபாம்பிசினுக்குத் தப்பும் கிருமியில் பிழை வேறோர் இடத்தில் இருக்கும்.

ஏறத்தாழ பத்து இலட்சம் கிருமிகளுக்கு ஒன்று ஐசோனியசிட்டுக்கும், பத்துக் கோடிக்கு ஒன்று றிபாம்பிசினுக்கும் இயல்பாகவே தப்பக்கூடியது. நோய் முற்றிப் பொந்து விழுந்த நுரையீரலில் பத்துக் கோடி கிருமிகள் இருப்பது புதுமையல்ல. எனவே ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் தப்பப் போகின்றவை ஏற்கெனவே உள்ளே காத்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒன்றாகத் தப்பக்கூடியது மிக மிக அரிது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பின்பு நான்கு மாதம் இரண்டு மருந்து என்று கொடுப்பதன் காரணம் இதுதான். காய்ச்சல் விட்டதென்று இடையில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் பெருகும். மருந்துகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் மற்றதற்குத் தப்பியவை பெருகும்.

இனி மற்றப் பாதி. தென்னாபிரிக்காவின் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் துகேலா பெரி என்ற வறிய கிராமப்புறம் உண்டு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் அங்கே 53 பேரிடம் ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அடங்காத சயரோகம் கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேர் இறந்தனர். சோதிக்கப்பட்ட அனைவருக்கும் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: முந்திய விபரம் தெரிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன்னர் சயரோகத்துக்கு மருந்தே குடித்ததில்லை. குளிசையை விட்டவர்கள் அல்லர் அவர்கள். பலர் அண்மையில் வைத்தியசாலையில் தங்கியிருந்தவர்கள். வேறொருவரிடம் உருவான கிருமி இருமலோடு காற்றில் வந்து சேர்ந்தது.

பின்னர் விஞ்ஞானிகள் அக்கிருமிகளின் பரம்பரையலகுகளை முழுவதும் வாசித்துப் பின்னோக்கிக் கணக்கிட்டனர். ஐசோனியசிட்டுக்குத் தப்பும் முதல் எழுத்துப் பிழை 1957 அளவில் விழுந்ததாம். நோயாளிகளில் பலர் அன்று பிறந்தேயிருக்கவில்லை! மற்றப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஆண்டுகளில் சேர்ந்தன. அத்தனை காலமும் கண்டுகொள்ளாமல் விட்டதற்குக் குளிசை குடித்தவரையா நோவது?

நம் நிலைமையும் எண்ணிப் பார்க்க வேண்டியது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு ஓடியவர்களோ, 2009இல் வன்னியில் இடம் மாறி மாறி அலைந்தவர்களோ, சிகிச்சை அட்டையை எடுக்கவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்? பிள்ளையைத் தூக்குவதா, அரிசிப் பையைத் தூக்குவதா என்று நின்ற நேரமல்லவா அது! யுத்தமோ வெள்ளமோ, சனங்கள் நகரும்போது மருந்தும் அவர்களோடு நகரவேண்டும். முகாமில் பெயர் பதியும்போது பங்கீட்டு அட்டையைக் கேட்பவர்கள், தொடர்ந்து குடிக்கும் மருந்து உண்டா என்றும் கேட்கலாமே. அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். சயரோகக்காரர் என்று ஒதுக்கிப் பேசினால் அந்த வரியை நிரப்ப எவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

நோய் திரும்பியவர்கள் ஒளிந்திருக்கத் தேவையில்லை. றிபாம்பிசினுக்குத் தப்பும் விகாரத்தைச் சளியிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் காட்டும் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010இல் அங்கீகரித்தது. முன்னர் ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுபட்ட சிகிச்சைக்குப் பதிலாக, பலருக்கு ஆறு மாத வாய்வழி மருந்தை 2022இல் அந்நிறுவனம் சிபாரிசு செய்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காதவரும், முன்பு மருந்தை இடையில் விட்டவரும் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எப்போது, எங்கே, எந்த மருந்து விடுபட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை.