சம்மன் வந்தால் ஒளியாதீர்கள்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி தன் செல்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். அமெரிக்காவில் ஜூரிப் பணிக்கு அழைப்பு வந்தால் எப்படித் தப்பிப்பது என்று ஒருவர் வேடிக்கையாகப் பாடம் எடுக்கிறார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, நம்ம ஊர்ல சாட்சி சம்மன் வந்தா எப்படித் தப்பிக்கிறது?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருடைய காலனியில் நடந்த ஒரு தாக்குதலை அவர் நேரில் பார்த்திருக்கிறார். போலீசாரிடம் வாக்குமூலமும் கொடுத்திருக்கிறார். இப்போது வழக்கு விசாரணைக்கு வந்து சம்மனும் வந்துவிட்டது. அவர் குரூப்-2 தேர்வுக்குப் படிக்கிறார். "கேஸ்ல உன் பேர் வந்தா கவர்மெண்ட் வேலை போச்சு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அன்று இரவு வெகுநேரம் பேசினோம். பேசியதில் பாதியையாவது உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த வீடியோவுக்கே வருவோம். அமெரிக்காவில் விசாரணை வரை போகிற கடும் குற்ற வழக்குகளில், குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வது பெரும்பாலும் நீதிபதி அல்ல. வாக்காளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து குலுக்கல் முறையில் அழைக்கப்படும் சாதாரண மக்கள், வழக்கமாகப் பன்னிரண்டு பேர். கடைக்காரர், பஸ் ஓட்டுநர், ஆசிரியை என்று யாருக்கும் அழைப்பு வரலாம். கூட்டாட்சி நீதிமன்றங்களில் இதற்குக் கிடைப்பது நாளுக்கு 50 டாலர். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு அது நட்டம்தான். தப்பிக்கப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே இருக்கையில் உட்காரக் கறுப்பின மக்கள் எவ்வளவு காலம் போராடினார்கள் என்பது அந்த வீடியோவில் இல்லை.

அவர்களுடைய வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. மகாத்மா பூலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1972இல் மும்பையில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ், பெயரையே பிளாக் பேந்தர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்த உறவோடுதான் இதையும் படிக்க வேண்டும்.

மேற்கு வர்ஜீனியாவில் வெள்ளை ஆண்கள் மட்டுமே ஜூரியில் உட்காரலாம் என்று சட்டமே இருந்தது. 1880இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். கைதானவர்கள் இரண்டு வெள்ளையர்கள். வழக்கை விசாரித்த ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். அந்த மாவட்டத்தில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஜூரியிலும் இடமில்லை. ஓட்டைப் பறித்தவர்கள் தீர்ப்பையும் சேர்த்தே பறித்துக்கொண்டார்கள்.

67 நிமிடங்களில் குற்றவாளிகள் அல்ல என்று தீர்ப்பு வந்தது. நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஜூரியில் இருந்த ஒருவர் சொன்னார். சில மாதங்களில் அந்த இருவரும் பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது நாங்கள்தான் என்று ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்கள். ஒரு முறை விடுதலையானவர்களை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது.

அதே நீதிமன்றத்தில் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிறுவனின் தாத்தா முறையான மோஸ் ரைட், வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த ஒரு குத்தகை விவசாயி. அவர் கூண்டில் எழுந்து நின்று, பையனைத் தூக்கிப் போனவர்கள் இவர்கள்தான் என்று விரலை நீட்டிக் காட்டினார். வில்லி ரீட் என்ற 18 வயது இளைஞர், தான் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னார். இருவரும் பிறகு மிசிசிப்பியில் வாழ முடியாமல் வெளியேறினார்கள். ஜூரி இருக்கை அவர்களுக்கு அடைபட்டிருந்தது. திறந்திருந்தது சாட்சிக் கூண்டு மட்டும்தான். அதில் ஏறினார்கள். வழக்கு தோற்றது. ஆனால் அவர்கள் சொன்னது பதிவில் நின்றது. அடுத்து எழுந்த குடியுரிமைப் போராட்டத்துக்கு அந்த வழக்கு ஒரு பெரிய உந்துதல்.

வாக்குரிமை வந்த பிறகும் கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து கழித்துக்கட்டுவது நிற்கவில்லை. காரணம் சொல்லாமலே சிலரை நீக்கும் உரிமை வழக்கறிஞர்களுக்கு உண்டு. அதை இன அடிப்படையில் பயன்படுத்தக் கூடாது என்று 1986இல் பேட்சன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை மிசிசிப்பியில் ஒரே கொலை வழக்கில் ஆறு முறை விசாரித்தார்கள். அந்த ஆறு விசாரணைகளிலும் அரசுத் தரப்பு நீக்கியிருக்கக்கூடிய கறுப்பின ஜூரர்கள் 42 பேர். நீக்கியது 41 பேரை. 2019இல் உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. உப்புக்கும் உதவாத இருக்கை என்றால் இவ்வளவு பாடுபட்டு ஒருவரை அதிலிருந்து விரட்டுவார்களா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவிலும் ஜூரி இருந்தது. தொடங்கியதே நம் சென்னையில்தான். 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக ஓர் ஆங்கிலேயப் பெண்மீது வழக்கு. ஜூரியில் ஆறு ஆங்கிலேயர், ஆறு போர்ச்சுகீசியர். குற்றவாளி அல்ல என்று விடுவித்துவிட்டார்கள். செத்தவளின் மக்களில் ஒருவர்கூட அந்தப் பன்னிரண்டு பேரில் இல்லை. 1883இல் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரையும் விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா வந்தபோது வெள்ளையர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில், பாதிப் பேராவது ஐரோப்பியராக உள்ள ஜூரியைக் கேட்கும் உரிமையை வாங்கிக்கொண்டுதான் அடங்கினார்கள். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் தன் ஆள் இருக்க வேண்டும் என்பது அதிகாரத்தில் இருப்பவனுக்கு எப்போதும் தெரியும்.

1959இல் நானாவதி வழக்கில் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விடுதலை என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டித்தது. அந்த ஒரு வழக்கால்தான் ஜூரி முறை போனது என்று சொல்வார்கள். உண்மையில் 1958லேயே சட்ட ஆணையம் அதை ஒழிக்கச் சொல்லிவிட்டது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு கதை முடிந்தது.

அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஊரில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, காலனிக்காரனை அடித்தவன் குற்றவாளியா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தில் தலைமுறை தலைமுறையாக அந்தப் பதிலைக் கேட்டவர்கள் நாம்.

ஆனால் நீதிபதி மட்டும் இருந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்றும் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலவுடைமையாளர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. நம்மவர் சாட்சியம் அங்கே எடைக்குக்கூட வைக்கப்படவில்லை.

மேலவளவில் நடந்தது வேறு. 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மிரட்டலுக்கு நடுவே சாட்சிகள் நின்றார்கள். சேலம் வரை போய்ச் சொன்னார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களைப் பின்னாளில் முன்கூட்டியே விடுவித்தது வேறு அநியாயம். ஆனால் சாட்சி நிற்காமல் அந்தத் தண்டனையே இல்லை.

ஜூரி இல்லாத நாட்டில், ஒரு சாதாரண மனிதர் நீதிமன்றத்துக்குள் போய்த் தீர்ப்பில் கை வைக்கக் கூடிய ஒரே இடம் சாட்சிக் கூண்டு. நமது ஜூரிப் பணி அதுதான்.

அதில் நாமே தோற்ற ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வேலை செய்த ஒரு கிராமத்தில், ஊர்த்தெரு வழியாகப் பைக் ஓட்டினான் என்று ஒரு பையனை பஸ் நிறுத்தத்தில் வைத்து அடித்தார்கள். பலர் பார்த்தார்கள். ஒரு கல்லூரி மாணவர் செல்பேசியில் படம் பிடித்தார். அந்த வீடியோ எங்கள் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது நான்கு சாட்சிகளில் மூன்று பேர் பிறழ்ந்துவிட்டார்கள். வேலை கொடுப்பவர், கடன் கொடுத்தவர், தண்ணீர் விடுகிறவர் எல்லாமே எதிர்த்தரப்புதான். அவர்கள்மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா மட்டும் கடைசி வரை மாறாமல் சொன்னார். படம் பிடித்த மாணவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார். சம்மன் திரும்பி வந்தது. வீடியோவும் பயன்படவில்லை. பதிவு செய்த கருவிக்கு உரியவர் சான்று கொடுக்காமல், கை மாறி வந்த வீடியோவை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. எல்லோரும் விடுதலை.

எங்கள் தவறும் இதில் உண்டு. போலீசார் சம்பவ இடத்தில் பார்வை மகஜர் எழுதியபோது கையெழுத்துப் போட ஆள் தேடினார்கள். எங்களில் இரண்டு பேர் அங்கேதான் நின்றோம். "நாங்க வெளியாளுங்க" என்று ஒதுங்கிக்கொண்டோம். பிறகு அந்த அம்மாவிடம் போய் தைரியமாக இருங்கள் என்று சொன்னோம்.

கறுப்பின மக்கள் போராட்டத்திலிருந்தே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2020இல் மினியாபோலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றதைப் படம் பிடித்தவர் டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண். அவர் வீடியோவைப் பதிவேற்றியதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியும் சொன்னார். அந்த ஜூரியில் ஆறு வெள்ளையர், நான்கு கறுப்பினத்தவர், இரண்டு கலப்பினத்தவர் இருந்தார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வீடியோ, சாட்சி, ஜூரி மூன்றும் சேர்ந்துதான் அது நடந்தது.

இனி அந்தத் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

சாட்சி வேறு, குற்றம் சாட்டப்பட்டவர் வேறு. அரசு வேலைக்கான சரிபார்ப்பில் பார்ப்பது உங்கள்மீது வழக்கு உண்டா என்பதை. சாட்சியாக உங்கள் பெயர் இருப்பது வேலையைத் தடுக்காது. மாறாக, சம்மனை மதிக்காமல் இருந்தால் பிடியாணை வரலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான உரிமைகள் தனி அத்தியாயமாகவே சேர்க்கப்பட்டன. 15ஏ பிரிவை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். சாட்சிக்குப் பாதுகாப்பு தருவது அரசின் கடமை. போக்குவரத்துச் செலவும் தினப்படியும் கேட்டு வாங்க வேண்டியவை, சலுகை அல்ல. 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மிரட்டல் இருந்தால், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதற்காகவும் போராட வேண்டும்.

ஒரு சாட்சி பிறழ்ந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியமான சாட்சி பிறழ்ந்த பிறகும், கேமரா பதிவு உள்ளிட்ட மற்ற சாட்சியங்களை வைத்து 2022இல் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

கடைசியாக ஒன்று. இந்தக் கடமை எல்லோர் தோளிலும் ஒரே எடையில் விழுவதில்லை. நாளைக்கு அதே ஆளின் வயலில் களை பறிக்கப் போகிறவரிடம் முதலில் கேட்காதீர்கள். படித்தவர்கள், வெளியூரில் சம்பளம் வாங்குகிறவர்கள், சங்கத்தில் இருப்பவர்கள் நாம் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். சாதி ஒழிப்புப் பேசும் சாதி இந்து நண்பர்களிடமும் கேளுங்கள். உங்கள் தெருவில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள், வந்து சொல்வீர்களா என்று. ஆயிரம் பதிவுகளைவிட அந்த ஒரு கையெழுத்து கனமானது.

அந்தத் தம்பியின் அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. அவருடைய பயம் நியாயமானது. நேரில் போய் இரண்டு முறை பேசியிருக்கிறோம், இன்னும் பேசுவோம். வருகிற வாய்தாவுக்குத் தம்பி போவதாகச் சொல்லியிருக்கிறார். எங்களில் நான்கு பேர் அவரோடு பஸ் ஏறுகிறோம். உங்கள் மாவட்டத்திலும் இப்படி யாராவது தனியாகச் சம்மனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தேடிப் போங்கள்.

ஜெய் பீம்.