சினிமாக்காரர் பிரசங்கமும் ஜனங்களின் பக்தியும்

பேர்போன சினிமாக்காரர் ஒருவர் ஊருக்குப் பிரசங்கம் செய்ய வருகிறார் என்றால் ஜனங்கள் எதற்காகக் கூடுகிறார்கள்? சொல்லுவதைக் கேட்கவா? இல்லை, முகத்தைப் பார்க்க! கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். என்ன பேசினார் என்று கேட்டால், "நன்றாகப் பேசினார்" என்பதற்குமேல் பதில் கிடையாது. தேர் பார்த்துத் திரும்பியவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

நமது நாஞ்சில் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1908ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த தோழர் என். எஸ். கிருஷ்ணன் நடிகர் மாத்திரமல்ல. 1951ல் 'மணமகள்', 1952ல் 'பணம்' என்கிற படங்களை டைரக்ட் செய்தவர். மேடையிலும் திரையிலும் சிரிப்பு மூட்டியே புத்தி சொன்னார். 1949ல் வந்த 'நல்லதம்பி'யில் அவர் செய்த 'கிந்தனார்' காலட்சேபத்தின் கருத்தென்ன? நந்தன் சிதம்பரம் போய்த் தீயில் இறங்கினான். கிந்தனோ ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்தான். ஜாதி இழிவு தீர வழி நெருப்பல்ல, பள்ளிக்கூடமே என்பதல்லவா?

ஜனங்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் மறுநாளே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடாதிருந்தார்கள்? எத்தனை பேர் ஜாதியை விட்டார்கள்? 1957ல் அவர் மறைந்தார். நாகர்கோவிலில் சிலையும் வைத்தாயிற்று. சிலைக்கு மாலை சரி. சொன்ன கருத்துக்கு என்ன மரியாதை?

தோழர்களே! கூட்டத்துக்குக் கண்ணை மாத்திரம் கொண்டு போகாதீர்கள். காதையும் அறிவையும் கொண்டு போங்கள். பேசுகிறவர் எவரானாலும் கேள்வி கேளுங்கள். தப்பென்று பட்டால் தள்ளுங்கள். சரியென்று பட்டால் வீட்டில் நடத்திக் காட்டுங்கள். அஃதில்லாமல் கல்லைக் கும்பிட்ட கை நடிகனைக் கும்பிடுவதனால் யாருக்கு என்ன லாபம்?