ஓடும் வண்டிக்கு வரும் அழைப்பு: அழைப்பவரின் பொறுப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கைப்பேசியில் பேசிக்கொண்டு வண்டி ஓட்டிப் பிடிபடும் ஓட்டுநருக்கு விதிக்கப்படும் அபராதத்தை அவரது வாரக் கூலியில் பிடித்துக்கொள்ளப்போவதாக வீரபாண்டி வட்டாரத்தின் சில பனியன் நிறுவனங்கள் வாயிலில் அறிவிப்பு ஒட்டியிருப்பதும், அழைப்பை எடுக்காத ஓட்டுநருக்கு அடுத்த நடை தர அதே நிறுவனங்கள் மறுத்துவருவதும் உறுப்பினர்கள் அறிந்தவையே. அந்த வரலாற்றை மீண்டும் விரிக்காமல், சரக்கு வண்டி ஓட்டுநர்களின் இச்சங்கத்தின் செயற்குழு இரண்டு அமர்வுகளில் விவாதித்துப் பெரும்பான்மையாக ஏற்ற நிலைப்பாட்டை இவ்வறிக்கை பதிவு செய்கிறது.

ஓட்டுநரின் கடமையில் ஐயத்துக்கு இடமில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, கையில் பிடித்துப் பேசும் கருவியை வண்டி ஓட்டும்போது பயன்படுத்துவது, அபாயகரமாக ஓட்டுதலைத் தண்டிக்கும் 184-ஆம் பிரிவுக்குள் வெளிப்படையாகக் கொண்டுவரப்பட்டது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு அளித்த வழிகாட்டுதல்படி, ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கவும் வழியுண்டு. ஒன்றிய அரசின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கில், கைப்பேசிப் பயன்பாட்டால் நேர்ந்தவையாகப் பதிவான விபத்துகள் 1,997, அவற்றில் இறந்தோர் 1,040 பேர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்குப் பத்து மீட்டர் கடக்கும். அழைப்பது யாரென்று திரையைப் பார்க்கும் மூன்று நொடியில் அது முப்பது மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டிச் சிக்கும் உறுப்பினருக்காகச் சங்கம் வாதாடாது. முதல் முறை விளக்கம் மட்டும் கேட்கலாம் என்ற மாற்றுக் கருத்தும் செயற்குழுவில் பதிவாகியுள்ளது.

எனினும் ஒவ்வோர் அழைப்புக்கும் மறுமுனை ஒன்று உண்டு என்பதையே இச்சங்கம் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறது. பனியன் தொழிலில் ஒரு சட்டை ஒரே கூரையின் கீழ் உருவாவது அரிது. துணி நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று வேறு வேறு ஜாப் ஒர்க் கூடங்களுக்கும், அதாவது கூலிக்கு ஒரு வேலையை மட்டும் செய்து தரும் கூடங்களுக்கும், வண்டியேறி இறங்கித்தான் சட்டையாகிறது. கழுத்துப்பட்டிக்கான ரிப் துணிப் பண்டல் ஒன்று வந்து சேராவிட்டால் தைக்கும் லைன் முழுவதும் கைகட்டி உட்கார்ந்திருக்கும் என்பதும், ஷிப்மென்ட் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு நிறுவனத்தின் தலையில் விழும் என்பதும் ஓட்டுநர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அந்த நெருக்கடி முழுவதையும் பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவுக்கும் சின்னக்கரைக்கும் நடுவே குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதில் கொட்டுவதால் பண்டல் ஒரு நிமிடம்கூட முன்னதாக வந்துவிடாது. மெர்ச்சண்டைசர் ஒரு பக்கம், புரொடக்‌ஷன் மேனேஜர் மறுபக்கம், கட்டிங் மாஸ்டர் இன்னொரு பக்கம் என்று ஒரே நடைக்கு மூவர் மாறி மாறி அழைக்கிறார்கள்; கேட்பதோ "எங்க இருக்கீங்க?" என்ற ஒரே கேள்வி. போதாததற்கு, டெலிவரி சலானைப் படமெடுத்து உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். வண்டி ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தே அழைத்துவிட்டு, எடுத்தால் அபராதம், எடுக்காவிட்டால் நடை இல்லை என்று இரு பக்கமும் கத்தி வைப்பதை ஒழுங்கு நடவடிக்கை என்று அழைப்பது, மென்மையாகச் சொன்னால், பொருத்தமற்றது. உரிமம் மூன்று மாதம் நின்றால் ஓட்டுநர் வீட்டில் அடுப்பு அணையும்; அழைத்தவருக்கு ஒரு டீயின் செலவுகூட இல்லை.

இது உணர்ச்சிவசப்பட்ட வாதம் என்று கருதுவோர் அதே சட்டத்தின் 188-ஆம் பிரிவைப் படிக்கலாம். 184-ஆம் பிரிவின்கீழ் வரும் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும், அதாவது தூண்டுபவருக்கும் துணைநிற்பவருக்கும், அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே உண்டு என்கிறது அது. குறித்த நேரத்துக்குள் வந்து சேரும்படி கட்டளையிடப்பட்டு, வேக வரம்பை மீறாமல் அது இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்தக் கட்டளையே அதைப் பிறப்பித்தவருக்கு எதிரான முதல்நிலைச் சான்றாகும் என்று வேக வரம்பு பற்றிய 183-ஆம் பிரிவு கூறுகிறது. முதலாளியின் அவசரத்தைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்தே இருந்தார்கள். கட்டாயப்படுத்தி எடுக்கவைத்த ஓர் அழைப்பு உடந்தை என்று எந்த அளவுக்கு நிறுவப்படும் என்பதில் சட்ட ஆலோசனை ஒருமுகமாக இல்லாததால், 188-ஆம் பிரிவின்கீழ் புகார் அளிப்பது இப்போதைக்குக் கடைசி வழியாக மட்டுமே கருதப்படும்.

காதில் மாட்டிப் பேசும் கருவிகள் கையில் பிடித்துப் பேசுவதைவிடப் பெரிதும் பாதுகாப்பானவை அல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து; உறுப்பினர்களிடையே உடன்பாடு எட்டப்படாததால், இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று மட்டும் இங்கே சொல்லப்படுகிறது. வழிகாட்டும் வரைபடத்துக்காக மட்டும், கவனம் சிதறாத வகையில், கைப்பேசியைப் பயன்படுத்த 2020-இல் திருத்தப்பட்ட விதிகள் இடமளிக்கின்றன. தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகிக்கொண்டு சாம்பிள் துணி கொண்டு செல்லும் இருசக்கர வாகனத்தாருக்கும் இதே நிலைப்பாடு பொருந்தும். அழைக்காமலே வண்டி இருக்குமிடத்தை அறிய அதில் ஜி.பி.எஸ். பொருத்துவதைச் சங்கம் எதிர்க்கவில்லை. அதன் விலையை ஓட்டுநர் தலையில் கட்டுவதை எதிர்க்கிறது.

வண்டி எப்போது வரும் என்று அறிய வேண்டிய நிறுவனம், சரக்கை ஏற்றிவிட்ட கூடத்தின் வாயிற்காவலரிடம் கேட்கலாம். கிளம்பிய நேரத்தை டெலிவரி சலானில் எழுத ஒரு கட்டம் சேர்த்தால் பாதி அழைப்புகள் தாமாகவே நின்றுவிடும். கிளம்பும் முன் ஓட்டுநர் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். வழியில் தாமதம் என்றால் வண்டியை ஓரங்கட்டிய பின்னரே பேசுவார். எடுக்காத அழைப்புக்காக நடை மறுக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். அபராதம் என்ற பெயரில் இதுவரை கூலியில் பிடித்த தொகை அடுத்த சனிக்கிழமைச் சம்பளத்தோடு திருப்பித் தரப்பட வேண்டும். அதுவரை உறுப்பினர்கள் சரக்கு ஏறியதும் கைப்பேசியை அணைத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிட்டு, சரக்கை இறக்கி, சலானில் கையெழுத்து வாங்கிய பின்னரே அதை எடுப்பார்கள்.